செம்பிக்கு இட்ட மதிப்பெண்

காங்கேயம்
12.9.2024

கனகத்துக்கு உன் அண்ணன் குமாரசாமி எழுதுவது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமாகத்தான் இருப்பாய். சுகமில்லாதவர்கள் அறுபத்தெட்டு வயதில் குதிரை வாங்கமாட்டார்கள்.

சேதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தவிட்டுக் கடை ராமுலு வந்து, "ஏனுங்க, தாராபுரத்துத் தங்கச்சி குதிரை வாங்கிப்போட்டாங்களாமே, நீங்க பாத்துச் சொன்னதுங்களா?" என்றான். டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நாற்பத்தோரு வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் காளை வாங்குகிறவன், பசு விற்கிறவன் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் கயிறு மாற்றுகிறான். என் உடன்பிறந்தவள் குதிரை வாங்கினால் மட்டும் அதை நான் ராமுலு வாயால் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனில் கேட்கமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், மறந்த மாதிரி நடிப்பாய். தை மாசம் மாட்டுக் கண்காட்சியில் உன் மயிலைக் காளைக்கு மூன்றாம் பரிசு கொடுத்தேன். அதற்கு முதுகில் சுழி இடம் தப்பி விழுந்திருந்தது. நடுவருக்குத் தங்கச்சி கிடையாது. நீ அத்தனை கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி, "எங்கண்ணனுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணோணுமுங்க, ஆராச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றாய். அன்று சாயங்காலமே குலதெய்வம் கோயில் வாசலில் சூடம் அணைத்து, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் வாய்க்குத்தான். கைக்கு இல்லை.

ஆகையால் எழுதி அனுப்பு. ஆணா பெண்ணா, பல் எத்தனை, உயரம், நிறம், சுழி எங்கெங்கே, அப்பன் யார், ஆத்தா யார், எதற்காக வாங்கினாய். இடப்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தி ஒரு போட்டோவும் வேண்டும். அதில் நீ நிற்க வேண்டியதில்லை.

குமாரசாமி


தாராபுரம்
17.9.2024

அண்ணனுக்குக் கனகம் எழுதிக்கொண்டது.

தபால் கொண்டுவந்த பெண் உறையைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு நோட்டீசுங்களா அம்மா?" என்று கேட்டது. படித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் கண்ணு என்று சொல்லி அனுப்பினேன்.

குதிரை பெண். பெயர் செம்பி. பெயருக்கு ஏற்ற நிறம். வயது ஐந்து முடிந்து பல் எல்லாம் சேர்ந்துவிட்டது. உயரம் ஐம்பத்தெட்டு அங்குலம். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறாரே ரசாக் பாய், அவரிடம் வாங்கினேன். சுழியை நான் எண்ணவில்லை. குதிரை எண்ண விடவில்லை. போட்டோ உள்ளே இருக்கிறது. ஓரமாகத் தெரிகிற முழங்கை என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு வாங்கினேன் என்றால், மாடு மேய்க்க.

சிரிக்காதீர்கள். இத்தனை வருஷமாக மாட்டைப் பார்த்துக்கொண்ட மாசாணியம்மாள் வைகாசியில் மகள் வீட்டோடு திருப்பூர் போய்விட்டாள். அப்புறம் ஆளே கிடைக்கவில்லை. பனியன் கம்பெனிக்கு வேனில் போகிறவன் என் மாட்டுக்குப் பின்னால் வெயிலில் வருவானா? பதினான்கு உருப்படியைக் காலையில் வேலிக்குள் கொறங்காட்டுப் புல்லில் மேய விட்டுவிடலாம். பொழுது சாயும்போது ஒன்று திரட்டிப் பட்டிக்கு ஓட்டிவர என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் மாப்பிள்ளை, நான் பெற்ற மனோஜ்குமார், கெடு வைத்துவிட்டான். தீபாவளிக்குள் ஒரு வழி பிறக்கவில்லை என்றால் வியாபாரியை வரச்சொல்லி மாடு முழுவதையும் ஏற்றி அனுப்பிவிட்டு நான் கோயமுத்தூரில் அவனோடு வந்து இருக்க வேண்டும். ஏழாவது மாடி. போன தடவை பத்து நாள் இருந்தேன். பேச்சுத்துணை லிஃப்டுக்குள் கிடைத்ததுதான், அதுவும் ஏழு மாடி இறங்குவதற்குள் முடிந்துபோகும்.

ரசாக் பாய்தான் சொன்னார். "இதோட அப்பன் கத்தியவார் சாதிங்கம்மா, ரேக்ளாவுல மூணு கப்பு வாங்குனது. ஆனா உங்களுக்கு வேண்டியது ஆத்தா வழி. ஆத்தாக்காரி வெள்ளகோயில் பக்கம் ஒரு கொறங்காட்டுல அறுவது மாட்டோட வளந்தவ. ஆளே இல்லாம அத்தனையும் ஒதுக்கிக் கொண்டாந்து பட்டியில அடைப்பா. வேற வேலையே கிடையாது அவளுக்கு." நான் உடனே செம்பியின் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

உங்கள் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

கனகம்


காங்கேயம்
22.9.2024

கனகத்துக்கு.

இந்த எழுபத்துநான்கு வருஷத்தில் குதிரை மாடு மேய்த்து நான் பார்த்ததில்லை. ஆகவே அப்படி ஒன்று கிடையாது.

போட்டோவை வைத்து மதிப்பெண் போட்டுவிட்டேன். காங்கேயம் காளைக்கு நான் அச்சடித்து வைத்திருக்கிற படிவத்தில்தான் போட்டேன். குதிரைக்கென்று தனியாக ஒன்று தேவை என்று நான் நினைக்கவில்லை. நாலு கால் நாலு கால்தான். விவரம் கீழே:

திமில்: இல்லை. மன்னிக்கப்பட்டது.
கொம்பு: இல்லை. அதுவும் மன்னிக்கப்பட்டது.
அலைதாடி: இல்லை. குதிரைக்கு இது நல்லதுதான் என்று படுகிறது.
காது: இரண்டும் நுனியில் வளைந்து ஒன்றையொன்று பார்க்கின்றன. பத்துக்கு ஒன்பது.
மார்பு அகலம், முன்னங்கால் நேர், குளம்பு: பழுதில்லை.
பின்சப்பை: இந்தச் சப்பை ஒரு காளைக்கு இருந்தால் நான் எழுந்து நின்று முதல் பரிசு கொடுப்பேன்.
வால்: நீளம். ஈ ஓட்டும்.

திமிலும் கொம்பும் இல்லாமலேயே நூற்றுக்கு அறுபத்தெட்டு வாங்கிவிட்டது. இது பந்தயக் குதிரை. இதை மாட்டுக்குப் பின்னால் விடுவது மோட்டார் பம்பை அம்மிக்கல்லுக்கு வைப்பது மாதிரி.

ரசாக் பாய் நல்ல மனுசர். ஆனால் ஆத்தா வழி என்று அவர் சொன்னது பிசகு. ஓட்டமும் குணமும் அப்பன் கொடுப்பது. ஆத்தா வயிற்றில் வைத்துச் சுமக்கிறாள், அதோடு சரி. இது நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டது. மாட்டு டாக்டர் ஒருத்தர் ஒருமுறை என்னோடு வாதம் செய்தார். இப்போது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

ரேக்ளாவில் பூட்டு. மாட்டுக்கு ஆள் தேடு.

குமாரசாமி


தாராபுரம்
28.9.2024

அண்ணனுக்கு.

குணம் அப்பன் கொடுப்பது என்றீர்கள். சரி, நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

நம் அப்பன் யாரோடும் ஒரு சண்டை போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாய்க்கால் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் திருப்பிவிட்டபோது, "அவனுக்கும் பயிர் காயுதில்ல" என்று சொல்லிவிட்டு வந்து படுத்தவர். ஆத்தா? வரப்பில் ஒரு முருங்கைமரத்துக்காக அதே தோட்டத்துக்காரியோடு பதினோரு வருஷம் பேசவில்லை. அந்த அம்மாள் செத்த அன்றைக்குப் போய் முற்றத்தில் நின்று, "நான் இன்னும் பேசலே, பாத்துட்டுத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது சொல்லுங்கள். சூடம் அணைத்த குணம் எந்த வழி?

செம்பி வந்து ஒரு மாசம் ஆகிறது. கொட்டிலிலிருந்து அவிழ்த்துவிட்டால் மற்ற குதிரை மாதிரி துள்ளி ஓடுவதில்லை. நேராக மாட்டு நடுவே போய் நின்றுகொள்கிறாள். தலையைத் தாழ்த்தி ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். ஒரு கிடாரி தனியாக வேலிப் பக்கம் போனால் இவள் காது அந்தப் பக்கம் திரும்புகிறது. முதல் வகுப்பு வாத்தியார் மாதிரி இருக்கிறது.

போட்டோவைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர் இங்கே வந்து பார்க்கட்டும். வியாபாரி தீபாவளிக்கு மறுநாள் லாரி கொண்டுவருவதாக மனோஜிடம் சொல்லிவிட்டானாம்.

கனகம்


காங்கேயம்
3.10.2024

கனகத்துக்கு.

ஆத்தாவைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கவில்லை. இரண்டு தடவை படிக்கவில்லை.

13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நிபந்தனைகள்:

ரசாக் பாயும் வர வேண்டும். நான் சொல்வதை அவர் உன்னிடம் சொல்வார், நீ சொல்வதை என்னிடம் சொல்வார். அவர் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளட்டும்.

குதிரையை ரேக்ளாவில் பூட்டிக் கொறங்காட்டு ஓரமாக முந்நூறு மீட்டர் விட வேண்டும். பாதித் தூரத்தில் உன் மாடுகளைக் குறுக்கே திறந்துவிட வேண்டும். பந்தயக் குதிரை என்றால் மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதோடு உன் ஆத்தா வழிப் பேச்சு முடிந்தது.

மத்தியானம் சாப்பாடு போடுவதானால் போடு. நன்றாக இருந்தாலும் சொல்லமாட்டேன்.

குமாரசாமி


காங்கேயம்
14.10.2024

கனகத்துக்கு.

நேற்று நடந்ததை ஊரில் யாரும் திரித்துச் சொல்வதற்கு முன்னால், நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

நான் பட்டிக்குள் போனது மாடுகளைப் பார்வையிட. பார்வையிட்டேன். இரண்டே கால் மணி நேரம் பார்வையிட்டேன். மாடு பார்ப்பதில் அவசரப்படுகிற பழக்கம் எனக்கு இல்லை. குதிரை வாசலில் நின்றது. அது நிற்க நினைத்தது, நின்றது. அதற்கும் நான் உள்ளே இருந்ததற்கும் தொடர்பு இல்லை.

வேட்டி கிளுவை வேலியில் கிழிந்தது. உன் வேலியைக் கவாத்துச் செய்து மூன்று வருஷம் இருக்கும். வலது கால் செருப்பு உள்ளேயே இருக்கிறது, கொடுத்தனுப்பு.

ரசாக் பாய் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நேற்றுச் சிரித்துச் சிரித்து அழுதார்.

சத்தியத்தை நான் மீறவில்லை.

குமாரசாமி


தாராபுரம்
18.10.2024

அண்ணனுக்கு.

செருப்பை ராமுலுவின் தவிட்டு வண்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நடந்தது நடந்தபடி என்று எழுதியிருந்தீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

ரசாக் பாய் வண்டியில் ஏறிச் செம்பியைத் தட்டிவிட்டார். நன்றாகத்தான் போனாள். நூற்றைம்பது மீட்டரில் மாட்டைத் திறந்துவிட்டேன். அவள் கண்டாள், நின்றாள், வண்டியோடு திரும்பினாள். பாய் குதித்துப் பூட்டை அவிழ்க்காமல் விட்டிருந்தால் வண்டியோடே மாடு மேய்த்திருப்பாள். அப்புறம் அவளை ஒருவரும் ஏவவில்லை. அவள்பாட்டுக்குச் சுற்றி வந்தாள், ஒதுக்கினாள், மூக்கால் தள்ளினாள். பன்னிரண்டு நிமிஷத்தில் பதினான்கும் பட்டிக்குள். மனோஜ் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நின்றான், அவனையே கேளுங்கள்.

அப்புறம் செம்பி திரும்பிப் பார்த்தாள். காட்டு நடுவில் வெள்ளையாக இன்னொன்று நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் இடப்பக்கம் போனீர்கள், அவள் இடப்பக்கம் வந்தாள். வலப்பக்கம் போனீர்கள், அங்கேயும் அவள். இடப்பக்கம் போவதுபோல் ஏய்த்து வலப்பக்கம் ஓடினீர்கள். எழுபத்துநான்கு வயதுக்கு அது நல்ல ஓட்டம் அண்ணா, நான் மூன்றாம் பரிசு கொடுக்கமாட்டேன். ஆனால் அவள் ஏமாறவில்லை. பதினைந்தாவதாக உங்களையும் உள்ளே கொண்டுபோய் விட்டு, வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

மனோஜ் போன் வந்து போய்விட்டான். ரசாக் பாய் மத்தியான லுஹர் தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வர என் வீட்டுப் பக்கம் போயிருந்தார். நான் மட்டும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் படிவத்தில் ஒரு தாளைக் கிழித்து என்னமோ எழுதி வேலிக்கு மேலே வீசினீர்கள். எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி வீட்டில் இருந்தது. இன்னொரு தாள் வந்தது, எழுத்துக் கொஞ்சம் பெரிதாக. மூன்றாவது தாளில் ஒரே ஒரு வார்த்தை, தாள் முழுவதும். அப்போதும் எனக்குத் தெரியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான், "அடியே கனகம், இந்தப் பீடையைக் கூப்புட்றீ!" என்று ஒரு சத்தம் வந்தது. பதினான்கு மாட்டில் அப்படிப் பேசுகிறது ஒன்றும் இல்லை.

அதை விடுங்கள். இப்போது ஒரு காரியம் கேட்கிறேன். மனோஜ் கண்ணால் பார்த்தும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாள் செஞ்சுபோட்டா தினமும் செய்யுமாம்மா? மாமன் எழுதிக் குடுக்கட்டும், அப்ப நான் லாரிய வேண்டாங்கறேன்" என்கிறான். நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறான்.

தங்கச்சிக்காக வேண்டாம். நடுவராக எழுதுங்கள். பார்த்ததை எழுதுங்கள். இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

கனகம்


காங்கேயம்
22.10.2024

கனகத்துக்கு.

பட்டியில் நான் போட்ட சத்தம் குதிரைக்குச் சொன்னது. உன் பெயர் அதில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. அது மனோஜுக்கு. நீ படிக்காமல் இருக்கமாட்டாய், ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன்:

"செம்பி என்னும் ஐந்து வயதுப் பெண் குதிரையை 13.10.2024 அன்று நேரில் பார்த்தேன். பந்தயத்துக்கு: தேறாது. மாட்டைக் கண்டால் பந்தயம் மறந்துபோகும். மாடு ஒதுக்க: இதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நாலு குறைத்தது, மாடு எது மனுசர் எது என்று தெரியாததற்கு. ஒரு நாள் வேலையா என்று கேட்பவருக்கு: நான் ஏய்த்து ஓடியபோது மறித்ததை இதற்கு யாரும் பழக்கவில்லை. பழக்காமல் வருவது பிறப்பில் வருவது, அது தினமும் வரும். இந்தக் குணம் தாய்வழி. 22.9.2024 தேதியிட்ட என் முந்தைய கருத்து இதனால் ரத்தாகிறது. கு. குமாரசாமி, நடுவர்."

கடைசி வரியை எழுத ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குள் மூன்று தாள் வீணானது.

இன்னொன்று. இதை மனோஜிடம் சொல்லாதே.

எனக்கும் ஆள் இல்லை. ஆடி மாசமே நின்றுவிட்டான். ஒன்பது உருப்படியை நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாசம் வேலியோரம் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தேன். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ரோட்டில் எத்தனையோ வண்டி போயிற்று, ஒருவருக்கும் நான் அங்கே கிடந்தது தெரியவில்லை. உன் பட்டிக்குள் அடைபட்டிருந்தபோது எனக்குக் கோபம் மட்டும் இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், குதிரையை இங்கே அனுப்ப முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுது. வருத்தப்படமாட்டேன். படுவேன், ஆனால் எழுதமாட்டேன்.

குமாரசாமி


தாராபுரம்
26.10.2024

அண்ணனுக்கு.

மனோஜ் தாளை இரண்டு தடவை படித்தான். "அம்மா, மாமன் தப்புன்னு எழுதிக் குடுத்த பேப்பர் உலகத்துலயே இது ஒண்ணுதான், லேமினேசன் பண்ணோணும்" என்றான். வியாபாரிக்கு அங்கேயே நின்று போன் போட்டு லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் வெளியே போய்ச் சற்றுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

குதிரையை அனுப்ப முடியாது. வாரத்துக்கு இரண்டு தடவை ஏற்றி இறக்கினால் அவள் எந்த மாட்டை மேய்ப்பது என்று குழம்பிப்போவாள். உங்கள் ஒன்பதையும் இங்கே ஏற்றி வாருங்கள். என் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு நிற்கிறது. பதினான்கை ஒதுக்குகிறவளுக்கு இருபத்துமூன்று ஒன்றும் பெரிதில்லை.

பள்ளத்தில் விழுந்ததை மனோஜிடம் சொல்லவில்லை. ரசாக் பாயிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை அவருடைய வண்டி உங்கள் வாசலில் நிற்கும். நீங்கள் கேட்கவில்லை, நான்தான் அனுப்பச் சொன்னேன்.

கனகம்


காங்கேயம்
29.10.2024

கனகத்துக்கு.

மாடு வரும். மாட்டின் நன்மைக்காக மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

என் கடிதம் போய்ச் சேருவதற்குள் நாங்களே வந்துவிடக்கூடும், இருந்தாலும் எழுதி வைப்பது முறை. மூத்த பசுவுக்குப் புது இடத்தில் தண்ணீர் இறங்காது, தொட்டியில் ஒரு பிடி உப்புப் போடு. காரிக் கிடாரி வேலி தாண்டும். அதைக் குதிரையிடம் முதல் நாளே காட்டிவிடு. மாடுகள் இடம் பழகும்வரை கூட ஒரு ஆள் இருந்தாக வேண்டும். பழகுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று இப்போதே சொல்ல முடியாது. நானே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தீபாவளிக்கு எனக்காக ஒன்றும் செய்யாதே. அதிரசம் செய்வதானால் வெல்லம் கம்மி.

வண்டியில் மாட்டுக்குப் பின்னால் ஒரு கட்டிலும் வரும். அது மாட்டுக்கு அல்ல.

குமாரசாமி